ஓரங்குலம் கூடுதல்

அத்தியாயம் 14

போன வாரம் திரைக்காரம்மாவைக் கையில் ஒரு காகிதத்தோடு தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். வாருங்கள், எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவோம்.

அந்தக் காகிதத்தில் இருந்தது ஒன்பது ஜன்னல்களின் அளவு. நகரத்தின் நடுவில் நிற்கும் கண்ணாடிக் கட்டடத்தின் முப்பத்தொன்றாவது மாடியிலிருந்து வந்திருந்தது. ஒன்பதுக்கும் திரை தைத்துத் தரவேண்டும். எல்லாம் தட்டச்சு செய்த எழுத்து. கீழே 'நிர்வாகம்' என்று போட்டிருந்தார்களே தவிர, ஆள் பெயர் இல்லை.

"யாரோ எழுதிக் குடுத்த அளவுக்கு நான் கத்தரி வைக்க மாட்டேன். ஜன்னலை நானே பாக்கணும்" என்று அவள் பதில் சொல்லி அனுப்பினாள். முப்பது வருடத் தொழிலில் அவள் மாற்றாத சட்டம் அது. மறுநாளே தகவல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வரலாமாம்.

இன்று வெள்ளிக்கிழமை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. திரைக்காரம்மா என்பது தெரு வைத்த பெயர். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், அதனால் அவர் வேன்காரர். மகளுக்கு இருபத்துநாலு வயது. ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று இருக்கும், அதனால் குண்டூசி. கீழே கடை, மேலே வீடு. இந்த மூன்று பேரைத் தவிர நாலாவதாக ஒருவன் உண்டு. அவன் திரைக்காரம்மாவின் தம்பி. பதினோரு வருடமாக அந்த வீட்டில் அவன் பேச்சே கிடையாது. ஒரு சாயங்காலம் வேன்காரரோடு வார்த்தை தடித்தது. படியிறங்கிப் போனவன் போனவன்தான். என்ன வார்த்தை, எதற்காகத் தடித்தது என்று உங்களில் பாதிப் பேர் கேட்டு எழுதிவிட்டீர்கள். இந்த வாரம் சொல்லிவிடலாம்.

வேன்காரர் காலைச் சவாரியை முடித்துவிட்டு வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது ஒரு சாக்கு. மனைவி கிளம்புவதைப் பார்க்கத்தான் நின்றிருந்தார்.

"பெரிய இடத்துக்கு இந்தப் பழைய பையோடவா போற?"

"பைதான் பழசு. உள்ள இருக்கற டேப் புதுசு. அது போதும்."

"முப்பத்தொண்ணாவது மாடின்னா காதடைக்கும். எச்சில் முழுங்கிக்கோ."

"நீங்க எத்தனை தடவை போய்ட்டு வந்தீங்க?"

"மலைப்பாதையில வண்டி ஓட்டியிருக்கேன்ல. உயரம்னா எல்லாம் ஒண்ணுதான்."

குரலில் கேலி இருந்தாலும் மனிதருக்கு உள்ளுக்குள் பெருமைதான். எதிர்க்கடைக்காரரிடம் இந்த ஆர்டரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்பது ஜன்னலைப் பன்னிரண்டாக்கிவிட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. தான் ஓட்டாத வண்டியில் தன் குடும்பம் ஏறினால் அவருக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான்.

குண்டூசி இன்று யாரையும் குத்தவில்லை. அதுவே ஆச்சரியம். இரண்டு தடவை உடை மாற்றினாள், மூன்று தடவை கண்ணாடி பார்த்தாள்.

"அளக்கத்தானே போறோம். படம் எடுக்கவா போறோம்?" என்றாள் அம்மா.

"சும்மா வாம்மா, பஸ் வந்துடும்" என்று முன்னால் நடந்துவிட்டாள் மகள்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய கூடம் இருந்தது. அதில் ஒன்றுமே இல்லை. ஒரு சோபா, ஒரு செடி, மிச்சமெல்லாம் வெறும் தரை. திரைக்காரம்மாவின் கடையில் வாடிக்கையாளர் உட்கார வேண்டுமென்றால் நாற்காலியிலிருந்து இரண்டு துணிக்கட்டுகளை இறக்க வேண்டும். இறக்கியதை வைக்க இடம் தேடவேண்டும். இங்கே ஒரு தெருவையே உள்ளே கொண்டுவந்து விரிக்கலாம் போலிருந்தது. இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டு வைக்கவே ஒரு வசதி வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

காவலாளி அவளிடம் மட்டும் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். குண்டூசியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். ஆறு லிஃப்டுகள் இருந்தன. எது எந்த மாடிக்குப் போகும் என்று அம்மா பலகையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மகள் நேராகக் கடைசி லிஃப்டுக்குப் போய் நின்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று திரைக்காரம்மா அதை அப்போதைக்கு விட்டுவிட்டாள்.

லிஃப்ட் ஏறுவதே தெரியவில்லை. எண்கள்தான் ஓடின. பதினெட்டுக்கு மேல் காது அடைத்தது. வீட்டுக்காரர் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்ற எரிச்சலோடு எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வானம்தான்.

இடுப்புக்கு மேலே, தலைக்கு நேரே, ஏன், கால் பக்கத்திலும் வானம். நீளமான ஒரு கூடம், அதன் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. மேகம் ஒன்று கண்ணாடிக்கு எதிரே அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதன் நிழல் தெருக்களின் மேல் ஊர்வதை அவள் பார்த்தாள். கீழே இருக்கும்போது வெயில் திடீரென்று போவதும் வருவதும்தான் தெரியும். யார் தலைமேல் நிழல் அடுத்துப் போகப்போகிறது என்பது இங்கே முன்கூட்டியே தெரிந்தது. மேலே இருப்பவர்களுக்கு இதுதான் லாபம் போலிருக்கிறது.

தரைவிரிப்பில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. மேசைகளில் குனிந்திருந்தவர்கள் பேசுவதும் தண்ணீருக்குள் பேசுவது மாதிரி மெதுவாக வந்தது. தூக்கம் கலையாத ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. செருப்பைக் கழற்றவா என்று கூடக் கேட்க இருந்தாள்.

வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள். "சார் மீட்டிங்ல இருக்கார். நீங்க அளக்க ஆரம்பிங்க. காபி அனுப்பறேன்."

பையை இறக்கி வைத்த இடத்தில் ஒரு மேசை. அதன்மேல் அட்டையால் செய்த குட்டி அறைகள் வரிசையாக இருந்தன. தீப்பெட்டி அளவில் கட்டில், விரல்நகம் அளவில் விளக்கு. ஹோட்டல் அறைகளின் மாதிரிகள் என்று குண்டூசி சொன்னாள். ஹோட்டல்களுக்கு அறைகளை உள்ளே அலங்கரித்துத் தருவதுதான் இந்தக் கம்பெனியின் வேலையாம். அறைகளில் ஜன்னல் இருந்தது, திரை இல்லை.

திரைக்காரம்மா குனிந்து ஒரு அறைக்குள் எட்டிப் பார்த்தாள். முப்பது வருடமாக அவள் பணக்கார வீடுகளுக்குப் போய்வருகிறாள். வசதி வந்ததும் மனிதர்கள் முதலில் பெரிய ஜன்னலாக வாங்குகிறார்கள். வாங்கின கையோடு அதை மூடுவதற்கு இவளைக் கூப்பிடுகிறார்கள். அதில் அவளுக்கு எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு. ஆனால் அவர்கள்மேல் பொறாமைப்பட்டதில்லை என்று அவள் சொன்னால் நம்பாதீர்கள். வீட்டின் மேலோ நகையின் மேலோ இல்லை அந்தப் பொறாமை. விரலை நீட்டி 'இந்தத் துணி' என்று சொல்கிறார்களே, அந்த விரலின் மேல். பல சமயம் தப்பான துணியைத்தான் காட்டுவார்கள். இவள் வாயை மூடிக்கொண்டு தைத்துக் கொடுத்துவிட்டு வருவாள்.

பையைத் துழாவி ஒரு துண்டு மெல்லிய துணியை எடுத்தாள். வைக்கோல் நிறம். அதைக் குட்டி ஜன்னலின் முன்னால் இரண்டு விரலால் பிடித்தாள். அட்டை அறைக்குள் விழுந்த வெளிச்சம் மாறியது. தீப்பெட்டிக் கட்டிலில் யாரோ அப்போதுதான் கண் விழித்துப் புரண்டு படுத்த மாதிரி இருந்தது. அவள் விரலை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றாள். பக்கத்து மேசையிலிருந்த பையன் பார்ப்பது தெரிந்ததும்தான் துணியைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

"வா, வேலையைப் பாப்போம்" என்றாள், மகள்தான் நேரத்தை வீணாக்கிய மாதிரி.

முதல் ஜன்னல். குண்டூசி டேப்பின் முனையைப் பிடித்தாள், அம்மா மறுமுனைக்கு நடந்தாள்.

"தொண்ணூத்தாறு" என்றாள் அம்மா. காகிதத்தைப் பார்த்தாள். தொண்ணூற்றேழு என்று இருந்தது.

"அளந்தவன் தூங்கிட்டான்."

இரண்டாவது ஜன்னல் அறுபது. காகிதத்தில் அறுபத்தொன்று. மூன்றாவது எண்பத்துநாலு. காகிதத்தில் எண்பத்தைந்து. நாலாவதை அளக்கும்போது அவள் காகிதத்தை முதலில் பார்க்கவில்லை. அளந்து, ஒன்றைக் கூட்டி, பிறகு பார்த்தாள். சரியாக இருந்தது. ஐந்தாவதும் அப்படியே.

தப்பாக அளப்பவர்களை அவளுக்குத் தெரியும். அரை அங்குலம் இங்கே கூடும், முக்கால் அங்குலம் அங்கே குறையும். ஒருத்தர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, ஒரே ஒரு அங்குலம் தப்புப் பண்ணுகிறார் என்றால் அது தப்பு இல்லை, பழக்கம். அந்தப் பழக்கம் எந்த வீட்டில் உண்டாயிற்று என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு இருபத்திரண்டு, தம்பிக்குப் பன்னிரண்டு. அம்மா அப்பா இல்லாத வீட்டில் ஒரு பழைய தையல் மெஷினும், தோல் உறைக்குள் சுற்றி வைக்கிற நீளமான துணி டேப் ஒன்றும் இருந்தன. டேப்பின் நுனி வளையம் பிய்ந்து, முதல் அங்குலமும் நைந்து போய், வெட்டி எறிந்துவிட்டார்கள். ஒன்று என்ற எண்ணிலிருந்துதான் அது ஆரம்பிக்கும். அதனால் வந்த கணக்கில் ஒன்றைக் கழித்து எழுத வேண்டும். தம்பி அந்த ஒன்றைச் சுவரோரம் வைத்து அழுத்திப் பிடிப்பான். அவள் மறுமுனையில் படித்து, கழித்து, எழுதிக்கொள்வாள். பிடிப்பது அவன் வேலை, கழிப்பது அவள் வேலை. புது டேப் வாங்கின பிறகும் அந்தப் பிள்ளை ஒன்றிலேயேதான் பிடித்தான். எத்தனை அதட்டியும் மாறவில்லை.

டேப் அவள் கையிலிருந்து நழுவித் தரைவிரிப்பில் சத்தமில்லாமல் விழுந்தது.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

குண்டூசி முனையைப் பிடித்தபடியே நின்றாள். "என்னம்மா?"

"காவல்காரர் உன்னைப் பாத்துத் தலையாட்டினார். எந்த லிஃப்டுன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தது. எத்தனை நாளா உன் மாமாவை வந்து பாத்துட்டிருக்க?"

"எட்டு மாசமா" என்றாள் மகள். குரல் சின்னதாக வந்தது. "திட்டறதுன்னா வீட்டுக்குப் போய்த் திட்டும்மா."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அதற்குள் கூடத்தின் கடைசியில் ஒரு கதவு திறந்தது.

முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. காதோரம் நரை. கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தான். இதெல்லாம் பதினோரு வருடம் செய்த வேலை. நடை மட்டும் மாறவில்லை. தப்புப் பண்ணிவிட்டு வரும்போது இடது தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு வருவான், அப்படியே வந்தான். வழியிலிருந்த மேசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அவன் கவனிக்கவில்லை.

"அக்கா" என்றான்.

அவளுக்கு மறுபடியும் காது அடைத்தது. இந்தத் தடவை உயரத்தினால் இல்லை. பேச வேண்டியது எவ்வளவோ இருக்க, அவள் வாயில் வந்தது இதுதான்.

"டேப்பை ஒண்ணுல புடிச்சியா?"

"வேற எங்க புடிக்கறது?"

"கழிக்க வேண்டாமா?"

"கழிக்கறது உன் வேலையாச்சே" என்றான் அவன்.

அவள் சிரிக்கத்தான் நினைத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் என்ன செய்வதென்று தெரியாமல், கீழே கிடந்த டேப்பை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான். அத்தனை பெரிய கம்பெனியின் முதலாளி, மண்டிபோட்டு உட்கார்ந்து, துணி டேப்பை மடங்காமல் உறைக்குள் சுற்றினான்.

"ஒரு ஞாயித்துக்கிழமை யாரும் இல்லாதப்போ அளந்தேன்" என்றான் குனிந்தபடி. "ஆளை விட்டு அளந்திருக்கலாம். மனசு வரல. முனையை ஒட்டி வெச்சுட்டு இந்தப் பக்கம் ஓடி வந்து படிச்சேன். அந்தப் பக்கம் ஆள் இல்லாம அளக்கறது கஷ்டம்தான்."

"திரை வேணும்னா கடைக்கு வந்திருக்கலாமே."

"கடைக்கு வந்தா உன் வீட்டுக்காரர் என்னை உள்ள விடுவாரா?"

காபி வந்தது. மூன்று பேரும் ஆளுக்கொரு கோப்பையை வைத்துக்கொண்டு, மேகம் போவதைப் பார்த்தபடி நின்றார்கள். சாயம் பூசிய கண்ணாடி அது. வெளிச்சம் வடிகட்டித்தான் உள்ளே வந்தது. தொழில்காரிக்கு இது தெரியாமல் இருக்குமா? இந்த ஜன்னல்களுக்குத் திரையே தேவையில்லை. அப்படியானால் எதற்காகக் கூப்பிட்டான்?

கூடத்தின் மேற்கு மூலையில், ஒன்பதாவது ஜன்னலை ஒட்டி, ஆளில்லாத ஒரு மேசை இருந்தது. புது மேசை. நாற்காலியின் உறையைக் கூட இன்னும் பிரிக்கவில்லை. அவள் கண் அங்கே போனதை அவன் பார்த்துவிட்டான்.

"அந்த சீட் விஷயமாத்தான் உன்கிட்ட பேசணும்" என்றான்.

அவளுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. இரண்டு தடவை மாற்றின உடையும், காலையிலிருந்து மூடியிருந்த வாயும், எட்டு மாதமும். மகளைக் கேட்கிறான்.

நெஞ்சு வலித்தது. உண்மையாகவே வலித்தது. அந்தக் கடையில் அவளுக்கு அடுத்த கை குண்டூசிதான். மடிப்பு எடுப்பதில் அம்மாவையே மிஞ்சிவிட்டாள். பகல் முழுக்க இரண்டு மெஷினும் எதிரெதிரே ஓடும். ஒன்று நின்றால் மற்றது தானாக நிற்கும். 'என்ன?' என்று நிமிர்ந்து பார்த்துக்கொள்வார்கள். நாளை முதல் எதிர் மெஷினுக்கு உறை போட்டு மூட வேண்டும். வேன்காரரிடம் வேறு சொல்ல வேண்டும்.

ஆனாலும் அவள் தன் தொழிலைச் செய்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் ஜன்னலை மட்டும் பார்த்து அளவு எடுப்பதில்லை. அந்த இடத்தில் யார் உட்காருவார்கள் என்று கேட்டு, அங்கே போய்த் தானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பாள். இப்போதும் போனாள். நாற்காலியின் உறையை உருவிப் போட்டாள், உட்கார்ந்தாள். மணி நாலரை ஆகியிருந்தது. மேற்கே இறங்கின வெயில் சாயக் கண்ணாடியையும் மீறி நேராக முகத்தில் அடித்தது. நகரமே பொன் நிறத்தில் கரைந்து, எது கட்டடம் எது மேகம் என்று தெரியாமல் மிதந்தது.

"எட்டு ஜன்னலுக்குத் திரை வேண்டாம்" என்றாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "வீண். ஒன்பதாவதுக்கு மட்டும் போடணும். சாயங்காலம் இங்க நேரா அடிக்குது. இவ கண்ணு சின்ன வயசுலேருந்தே வெயில் தாங்காது. வைக்கோல் நிறத்துல மெல்லிசா போட்டா வெளிச்சமும் போகாது." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நானே தைச்சுத் தரேன். அவங்க அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். அனுப்பறேன்."

தம்பி மருமகளைப் பார்த்தான். மருமகள் மாமாவைப் பார்த்தாள்.

"அம்மா, அது என் சீட் இல்ல" என்றாள் குண்டூசி.

"பின்ன யாரோடது?"

மகள் மேசையின் இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தாள். பழைய கோடு போட்ட நோட்டு. உள்ளே பென்சிலால் வரைந்த அறைகள். ஜன்னல்கள், அவற்றுக்கு வரைந்தவர் மனத்துக்குப் பிடித்த திரைகள், காலை பத்து மணிக்கு எப்படி, மழை நாளில் எப்படி என்று ஓரத்தில் குறிப்புகள். யாரும் கேட்காமல், யாருக்கும் காட்டாமல், இருபது வருடமாகத் திரைக்காரம்மா வரைந்தவை. பக்கத்துக்குப் பக்கம் வண்ணக் காகிதம் ஒட்டி அடையாளம் வைத்திருந்தார்கள்.

"எட்டு மாசமா நான் இதைத்தான் கொண்டுவந்து ஒவ்வொரு பக்கமா மாமாகிட்ட காட்டிட்டிருந்தேன்" என்றாள் மகள். "கடையை நான் பாத்துக்கறேன்மா. எனக்குக் கடைதான் புடிச்சிருக்கு. உனக்குத்தான் அது பத்தல."

"முந்நூறு அறை, அக்கா" என்றான் தம்பி மெதுவாக. "புதுசா ஒரு ஹோட்டல். ஊரெல்லாம் தூங்கி எழுந்திரிக்கற அறை. கண்ணைத் திறந்ததும் எந்த மாதிரி வெளிச்சம் மேல விழணும்னு ஒருத்தர் முடிவு பண்ணணும். இங்க எல்லாரும் படிச்சவங்கதான். யாருக்கும் அது தெரியல."

"எனக்கு அம்பத்திரண்டு வயசுடா."

"அன்னைக்கு நாப்பத்தொண்ணு. அன்னைக்கும் கேட்டேன்."

கேட்டான்தான். அந்தச் சாயங்காலத்தின் கதை இவ்வளவுதான். இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன அறையைப் பிடித்துவிட்டு வந்து, 'அக்கா, என்கூட வா, நாம சேர்ந்து பண்ணலாம்' என்று கேட்டான். 'என் பொண்டாட்டியை வேலைக்குக் கூப்பிட நீ யாரு?' என்று வேன்காரர் எகிறினார். 'நீங்க ஏன் பேசறீங்க, அக்கா சொல்லட்டும்' என்று இவன் எகிறினான். இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, மெஷின் ஊசியில் நூல் கோத்தாள். அதைக் கோத்து முடித்து நிமிர்ந்தபோது தம்பி வாசலில் இல்லை.

சண்டை போட்டது அவர்கள் இரண்டு பேரும் என்றுதான் வீடு இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்காதவள் அவள்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

மகளுக்கு என்றபோது வலியோடு சரி என்று சொல்லிவிட்டாள். அது சுலபம்தான், பிள்ளைகளுக்காக ஆசைப்படும்போது யாரும் பேராசைக்காரி என்று சொல்ல மாட்டார்கள். இப்போது தனக்கு என்று வந்ததும் முதுகு வியர்த்தது. கோபப்பட வேண்டும். எனக்குத் தெரியாமல் என் நோட்டை எப்படி எடுத்தாய் என்று கேட்க வேண்டும். இந்த வயதில் எனக்கு எதற்கு என்று எழுந்துவிட வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே, கை மட்டும் மேசையின் விளிம்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிக்கொண்டிருந்தது. வேண்டும் என்று இருந்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது, ஆனால் வேண்டும் என்று இருந்தது. அந்த முந்நூறு ஜன்னல்களும் ஒரேயடியாக விடிவதை அவள் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பைக்குள் போன் அடித்தது. வேன்காரர்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார். பூட்டின கடையைப் பார்த்திருப்பார். குண்டூசி கையை நீட்டினாள். "குடும்மா, நான் பேசிக்கறேன்."

"வேண்டாம்" என்று திரைக்காரம்மா எடுத்துக் காதில் வைத்தாள்.

"என்ன, இன்னுமா அளக்கற?" என்றார் அவர். "பன்னண்டு ஜன்னலும் முடிஞ்சுதா?"

"ஒன்பதுதாங்க."

"சரி, ஒன்பது. எங்க இருக்க இப்ப?"

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். இடது தோள் இறங்கியிருந்தது. நூல் கோப்பதற்கு இன்று ஊசி இல்லை.

"என் தம்பி ஆபீஸ்ல இருக்கேன்" என்றாள். அந்தப் பக்கம் மூச்சு நின்றது கேட்டது. அவள் நிறுத்தவில்லை. "அன்னைக்குக் கேட்டதையே இன்னைக்கும் கேக்கறான். அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லல. நீங்க சொன்னதாலதான் நான் போகலைன்னு நீங்க நினைச்சிட்டிருக்கீங்க. இல்லீங்க. நான் பயந்துட்டேன். எனக்கு ஆசை இருந்துச்சு. இப்பவும் இருக்கு. நான் என் சீட்ல உக்காந்திருக்கேன்."

போனில், தெருவில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் வந்தது. பிறகு வேன் சாவிக்கொத்து குலுங்கியது, வண்டிக் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

"நான் வர்றேன்" என்றார் வேன்காரர். "வர்ற வரைக்கும் நீ அங்கேருந்து எந்திரிக்கக் கூடாது."

போன் வைக்கப்பட்டுவிட்டது. இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கே அந்தக் குரலில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை.

"என்னம்மா சொன்னார்?" என்று கேட்டாள் மகள்.

"வர்றாராம்" என்றாள் திரைக்காரம்மா, நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேசைப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு.